மாடியில் கட்டிய படகு

படகைப் படிக்கட்டு வழியாக இறக்க முடியாது என்பது அன்று காலையில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

எங்கள் வீட்டு மாடிப்படி நடுவில் ஒருமுறை திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் படகின் மூக்கு சுவரில் இடித்தது. வால் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் மாட்டிக்கொண்டது. முன்பக்கம் பிடித்திருந்த சலீம், "இன்னாபா இது? பதினாறு அடிக்குக் கட்டிக்கினு, படிய அளந்து பாக்கலியா?" என்றான்.

என் உடம்பை அளந்திருந்தேன். படியை அளக்கவில்லை.

சலீம் பள்ளிக்கூடத்திலிருந்து என் சிநேகிதன். குட்டியானை வண்டி வைத்திருக்கிறான். தறிச் சாமான்களும் சேலைக் கட்டுகளும் ஏற்றுவது வேலை. அன்று சேலைக்கட்டு எதுவும் இல்லை. படகை ஏற்ற வந்திருந்தான்.

கடைசியில் மாடியின் முன்பக்கக் கைப்பிடிச் சுவர் வழியாகக் கயிறு கட்டி இறக்குவது என்று முடிவாயிற்று. நான் மேலே இருந்து ஒரு கயிறு, எதிர்வீட்டுப் பையன்கள் ஒரு கயிறு. சலீம் கீழே போய் வண்டியின் மேல் ஏறி நின்றான்.

தெருவில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. ஆட்கள் வெளியே வந்தார்கள். நீளமாக, துணி சுற்றிய ஒரு சாமானை மாடியிலிருந்து கயிறு கட்டி இறக்கினால் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. கோடிவீட்டு அம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"யாருக்கு இன்னாம்மா ஆச்சு?"

வாசலில் நின்றிருந்த என் மனைவி தேவகி அண்ணாந்து படகைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. இன்னிக்கு ஆவுதான்னு பாக்கத்தான் போறோம்."

மிதி இல்லாத வேலை

போன வாரம் இந்தத் தொடரைக் கார்டு குத்தும் அறையோடு நிறுத்தியிருந்தேன். முறையாகப் பார்த்தால் அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் வந்த கதையைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் கம்ப்யூட்டர் வந்ததால்தான் படகு வந்தது. ஆகவே இரண்டும் ஒன்றாகவே வரட்டும்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் எல்லோரும் நெசவு. நான் மட்டும் தறியில் உட்காரவில்லை. குழித்தறியில் உட்கார்ந்தால் இரண்டு காலும் மிதியில் வேலை செய்ய வேண்டும். என் வலது கால் குழந்தை வயதில் வந்த போலியோ ஜுரத்தில் சூம்பிப்போனது. அதனால் சேலைக்கரையின் பூவையும் யாளியையும் அட்டையில் துளைகளாகக் குத்தும் வேலைக்கு என்னை அனுப்பினார்கள். இதில் வருத்தப்பட எனக்கு அதிகம் இல்லை. அந்த அறையில் மின்விசிறி இருந்தது.

இப்போது அதே பூக்களைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்புகிறேன். கண் வலித்தால் வீடியோ பார்ப்பது வழக்கம். அப்படி ஒருநாள், பனி பெய்கிற ஏதோ தேசத்தில் ஒருவர் ஒரு படகு கட்டுவதைப் பார்த்தேன். கயாக் என்று பெயர். ஆணி கிடையாது. மரச்சட்டத்தைக் கயிற்றால் கட்டி, அதன்மேல் தோல் போர்த்தித் தைக்கிறார்கள். அந்தக் காலத்தில் கடல்நாயின் தோல். இப்போது துணியும் போடுகிறார்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது தோல் அல்ல, அளவு. அவர்களிடம் அளவுகோல் இல்லை. நீளம் மூன்று மார். அதாவது இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம், மூன்று முறை. அகலம், உட்காருகிறவரின் இடுப்போடு, விரல் மடக்கிய இரண்டு கைம்முட்டி. உயரம், கட்டைவிரலை நிமிர்த்திய ஒரு முட்டி. கோயில் வாசலில் பூ வாங்குகிறபோது, பூக்காரியின் கை நீளமானதா என்று நாம் பார்ப்பதில்லையா, அந்தக் கணக்குதான். ஒருவருக்குக் கட்டிய படகு இன்னொருவருக்குச் சரிப்படாது.

அதுவரை எனக்கென்று அளவெடுத்துச் செய்த சாமான் ஒன்றே ஒன்று. காலில் மாட்டுகிற இரும்புக் காலிப்பர்.

நீச்சல் எனக்குத் தெரியும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஏனாத்தூர்ப் பக்கம் சலீமின் மாமா நிலம் குத்தகைக்கு எடுத்திருந்தார். அங்கே பம்புசெட் கிணறு. ஒரு கோடை விடுமுறையில் சலீம் என்னைக் கேட்காமலே உள்ளே தள்ளினான். கையை அடித்து மேலே வந்தேன். அந்த விடுமுறை முழுக்கக் கிணற்றில்தான் கிடந்தேன். தண்ணீரில் என் காலுக்குக் கனம் இல்லை.

தேவகி இதைக் கேட்டிருக்கிறாள். பார்த்ததில்லை.

மூங்கில் வெந்த குக்கர்

மரம் சுலபமாகக் கிடைத்தது. ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டிலிருந்து இயந்திரங்கள் வருகிற பெரிய பெட்டிகளின் பலகை. பைன் மரம். லேசானது. நீளம் போதாத இடத்தில் இரண்டு துண்டின் முனைகளையும் சாய்வாக இழைத்து, பசை போட்டு ஒட்டினேன். மாடியில் தகரக் கொட்டகைக்குக் கீழே சட்டம் மெல்ல நீண்டது.

படகின் குறுக்கே வளைந்து நிற்கும் விலா எலும்புகளுக்கு மூங்கில். பிளந்த மூங்கில் பட்டையை நீராவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் வளைக்க வேண்டும். வீட்டிலிருந்த பெரிய குக்கரின் வெயிட்டை எடுத்துவிட்டு, அந்த மூக்கில் ரப்பர்க் குழாயைச் செருகி, மறுமுனையைப் பட்டைகள் கிடந்த ஒரு பிளாஸ்டிக் பைப்புக்குள் விட்டேன்.

தேவகி படியேறி வந்து பார்த்தாள்.

"சாம்பார் வைக்கணும். மூங்கி எப்ப வேவும்?"

"இன்னும் கொஞ்ச நேரம்மா."

"விசில் வெக்காம எப்புடித் தெரியும், வெந்துச்சான்னு?"

நியாயமான கேள்வி. எனக்கும் தெரியவில்லை. முதல் பட்டைகள் எல்லாம் வீணாயின. வேகாமல் கணுவில் ஒடிந்தவை சில. அதிகம் வெந்து நார்நாராய்ப் பிரிந்தவை சில. பிறகு கணு விழாத இடமாகப் பார்த்துப் பிளந்து, பொறுமையாக வளைத்தேன். அந்த வாரங்களில் எங்கள் வீட்டுச் சாதத்தில் ஒரு பச்சை வாசனை இருந்தது. தேவகி குறை சொல்லவில்லை. வேறு குக்கர் வாங்கிக்கொண்டாள்.

சட்டத்தையும் விலாவையும் நூலால் கட்ட வேண்டும். கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, "பட்டு நூலா?" என்பது. ஊர் அப்படி. பட்டு நனைந்தால் தொய்யும். நான் போட்டது மீன்வலைக்குப் போடுகிற நைலான் கயிறு. இதைச் சொன்னதும் பலருக்கு முகம் விழுந்தது.

சட்டம் முடிந்து ஒருநாள் வெயிலில் கிடந்தது. நீளமாக இரண்டு மரம், குறுக்கே மூங்கில், எங்கே பார்த்தாலும் கயிற்றுக் கட்டு. துணி காயப்போட வந்த தேவகி அதைப் பார்த்தாள். கையில் ஈரத்துணி வாளி.

"பாடை மாதிரி இருக்குது" என்றாள்.

அதன் பிறகு அவள் மாடிக்கு வரவில்லை. துணிகளைப் பின்கட்டுக் கம்பியிலேயே காயப்போட ஆரம்பித்தாள். அங்கே வெயில் வராது. எங்கள் துணிகளில் ஈரவாடை அடித்தது.

திருமுக்கூடல் என்று நான் சொன்னது

இடையில் ஒருநாள் சாப்பிடும்போது, மழைக்காலத்தில் ஆற்றில் தண்ணீர் வந்தால் படகைத் திருமுக்கூடலில் விடலாம் என்று சொன்னேன். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருகிற இடம். அகலமாக இருக்கும். எனக்கு அது ஒரு நல்ல யோசனையாகத்தான் பட்டது.

தேவகி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளுடைய ஊர் அந்தப் பக்கம். விவசாயக் குடும்பம். எங்கள் கல்யாணத்தில் அவர்களுக்குச் சம்மதம் இல்லாததால் போக்குவரத்து குறைவு. அவளுடைய அண்ணன் ஒருவர் சின்ன வயதில் ஆற்றோடு போனார் என்பது எனக்குத் தெரியும். சட்டம் போட்ட படம் ஒன்று எங்கள் வீட்டிலும் உண்டு. அதற்கு மேல் அவள் சொன்னதில்லை. நான் கேட்டதில்லை.

சட்டத்துக்கு மேல் துணி போர்த்தும் நாள் வந்தது. லாரிக்குப் போடுகிற கெட்டிக் கித்தான் வாங்கி, நனைத்து, இழுத்துப் போர்த்தி, மேல்புறம் நடுவில் நேர்கோடாகத் தைக்க வேண்டும். காய்ந்தால் தோல் போல விறைக்கும். நான் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் நிழல் விழுந்தது.

தேவகி குனிந்து தையலுக்கு நடுவே சுண்டுவிரலை விட்டாள். விரல் உள்ளே போயிற்று.

"இது இன்னா தையலு, பல்லு பல்லா? பிரிங்க."

அவள் தெருவுக்கே ரவிக்கை தைப்பவள். நான் பிரித்தேன். அவள் காலை மடித்து உட்கார்ந்து, துணியின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துச் சுருட்டி, முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். தையல் பாதி நீளம் வந்தது.

"எங்க அண்ணனுக்கும் நீச்சல் தெரியும்" என்றாள்.

நான் துணியின் அடுத்த பக்கத்தை நகர்த்திக் கொடுத்தேன்.

"ரொம்ப வருசம் கழிச்சி ஆத்துல தண்ணி வந்துச்சி. ஊரே பாக்கப் போச்சி. மணலு எடுத்த பள்ளம் எங்க இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்? மேல எல்லாம் ஒரே மாதிரி தண்ணிதான். சட்டையக் கழட்டி என் கையில குடுத்தான். 'இங்கியே நில்லு பாப்பா, எங்கியும் போயிடாத'ன்னான்."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். புதிதாகக் கோத்துக்கொண்டாள்.

"நின்னேன். எல்லாரும் கத்திக்கினு ஓடறாங்க, தண்ணியில எறங்கறாங்க. நான் நின்ன எடத்துலயே நிக்கிறேன். எங்கியும் போவாதன்னு சொல்லிட்டுப் போயிருக்கான் இல்ல. பொழுது போனதுக்கு அப்புறம் யாரோ வந்து என்னத் தூக்கிக்கினு போனாங்க."

"வேணாம்னா விட்டுடறேன், தேவகி."

"இவ்ளோ தச்சதுக்கு அப்புறமா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. "எனக்கு ஒண்ணு காட்டணும் நீங்க. கவுந்தா எப்புடி வெளிய வருவீங்கன்னு என் கண்ணால பாக்கணும். அதப் பாத்ததுக்கு அப்புறம் எந்த ஆத்துக்கு வேணா போங்க."

"சரி" என்றேன்.

அன்று மாலைக்குள் தையலை முடித்தாள். அதன்மேல் பெயிண்ட் அடித்தது நான். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு அடுத்தது. அவள் மறுபடியும் துணிகளை மாடியில் காயப்போட்டாள்.

வண்டியில் ஏறியது

கயிற்றில் தொங்கிய படகு கீழே போகிற வழியில் ஜன்னல் மேல்திட்டில் ஒருமுறை உரசியது. எல்லோரும் சத்தம் போட்டார்கள். பெயிண்ட் கொஞ்சம் போயிற்று. துணிக்கு ஒன்றுமில்லை. சலீம் வண்டி மேலிருந்து அதைக் கையில் வாங்கியதும் ஆச்சரியப்பட்டான்.

"கட்டில் அளவுகூட கனம் இல்லியேபா."

கோடிவீட்டு அம்மாள் கிட்டே வந்து தட்டிப் பார்த்தாள். படகு மேளம்போலச் சத்தம் கொடுத்தது. அவள் சமாதானமாகி உள்ளே போனாள். படகின் வால் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் அதில் சிவப்புத் துணி கட்டினோம். தேவகி சலீமுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பின்னால் படகைப் பிடித்துக்கொண்டேன்.

போனது ஆற்றுக்கு அல்ல. ஏனாத்தூர் தாண்டி ஒரு ஏரிக்கு. மழை முடிந்து ஏரி நிறைந்திருந்தது. கரையோரம் கருவேல மரங்கள் இடுப்பு வரை தண்ணீரில் நின்றன.

மீன் குத்தகை எடுத்தவருடைய ஆள் பைக்கில் வந்து இறங்கினார். படகுக்குள் தலையை விட்டுத் தேடினார்.

"வலை இருக்குதா?"

"வலை இல்ல. மீன் புடிக்க இல்ல. சும்மா."

"சும்மாவா? சும்மா எதுக்குப்பா?"

அவர் என் காலிப்பரைப் பார்த்தார், படகைப் பார்த்தார். மதகுப் பக்கம் போகாதீர்கள், அங்கே இழுக்கும் என்று சொல்லிவிட்டு, பைக்கைத் திருப்பாமல் அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

தண்ணீரில் நின்றது யார்

ஏறுவதில் ஒரு சிக்கல் இருந்தது. காலிப்பரைக் கழற்றிவிட்டால் என்னால் தனியாக நிற்க முடியாது. படகோ முழங்காலளவுத் தண்ணீரில்தான் மிதக்கும். ஆகவே யாராவது ஒருவர் படகை ஆடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், என்னையும் தாங்க வேண்டும். அது சலீம் என்பது ஏற்பாடு. அவன் கைலியை மடித்துக் கட்டி இறங்கியிருந்தான்.

"சலீம் அண்ணா, நீங்க மேல வாங்க. நான் புடிக்கிறேன்" என்றாள் தேவகி.

"சேறு தங்கச்சி. வழுக்கும். நீ அப்படி மரத்தாண்ட நில்லு, நான் பாத்துக்கறேன்."

"கரையில நிக்க மாட்டேன்."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் சலீம் மேலே ஏறிவிட்டான்.

அவள் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் கோயில் குளத்துப் படியில்கூட அவள் கால் நனைத்து நான் பார்த்ததில்லை. கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால். படகின் ஓரத்தைப் பிடித்தாள். பிடித்த இடத்திலிருந்து தண்ணீரில் சின்னச் சின்ன வளையங்கள் போய்க்கொண்டே இருந்தன.

அவள் தோளைப் பிடித்து நான் உட்கார்ந்தேன். வலது காலை அவளே தூக்கி உள்ளே வைத்தாள்.

"உடட்டுமா?"

"உடு."

துடுப்பைப் போட்டதும் படகு நகர்ந்தது. சத்தமே இல்லை. கித்தானுக்கு அந்தப் பக்கம் ஏரியின் குளிர்ச்சி தொடையில் பட்டது. சிறிய அலை வந்தால் மூங்கில் விலாக்கள் லேசாக அசைந்து கொடுத்தன. கரையில் என்னைத் தாண்டி நடப்பவர்களைப் பார்த்தே பழகியவன் நான். அன்று கருவேல மரங்கள் எனக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. ஒரு நீர்க்காகம் என்னைக் கவனிக்காமல் முங்கி எழுந்தது. இன்னும் கொஞ்சம் போகலாம் என்று தோன்றியது. ஆனால் கொடுத்த வாக்கு இருந்தது. திரும்பி, என் மார்பளவு ஆழம் இருக்கும் என்று தோன்றிய இடத்தில் நிறுத்தினேன்.

"பாத்துக்கோ" என்று சொல்லி மூச்சை இழுத்துக்கொண்டு ஒருபக்கமாகச் சாய்ந்தேன்.

கீழே எல்லாம் டீ நிறத்தில் இருந்தது. கிணற்றில் பழகியபடி கையை ஊன்றி உடம்பை வெளியே தள்ளினேன். இடுப்பு வந்தது. இடது கால் வந்தது. வலது கால் வரவில்லை.

அது உள்ளே மடங்கி, ஒரு விலாவுக்கும் சட்டத்துக்கும் நடுவே செருகிக்கொண்டிருந்தது. அந்தக் காலுக்கு உதைக்கத் தெரியாது. இன்னொரு முறை தள்ளினேன். இன்னும் இறுகியது. காதுக்குள் ஏதோ அடிக்க ஆரம்பித்தது. அப்போது நான் பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. பஸ்ஸில் ஏறும்போதும் கட்டிலில் படுக்கும்போதும் என்ன செய்வேனோ அதையே செய்தேன். உள்ளே கையை விட்டு, முழங்காலுக்குக் கீழே பிடித்து, காலைத் தூக்கி எடுத்து வெளியே வைத்தேன்.

மேலே வந்ததும் முதலில் தெரிந்தது சலீமின் கூச்சல். "தேவகி! தேவகி! அங்கியே நில்லு!" என்று கத்திக்கொண்டே அவன் தண்ணீரில் ஓடி வந்துகொண்டிருந்தான். அவன் ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

பிறகுதான் என் சட்டைக் காலரை யாரோ பிடித்திருப்பது தெரிந்தது. தேவகி. கழுத்துவரை தண்ணீரில் நின்றிருந்தாள். சேலை அவளைச் சுற்றி விரிந்து மிதந்தது. முகவாயை மேலே தூக்கியிருந்தாள். நான் கவிழ்ந்தபோது அவள் கரைக்குப் பக்கத்தில் முழங்காலளவில் இருந்தாள். நடுவில் இருந்த தூரத்தை எப்போது கடந்தாள் என்று பின்னால் கேட்டபோதும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"காலுக்குத் தரை எட்டுதா?" என்றேன்.

"வெரல் நுனியில" என்றாள். "லேட்டாச்சி."

"கால் மாட்டிக்கிச்சி."

"தெரியும். படகு ஆடிக்கினு இருந்திச்சி, பாத்தேன்."

சலீம் வந்து சேர்ந்து இருவரையும் பிடித்தான். படகு கவிழ்ந்தபடியே மிதந்தது. முனைகளில் நான் அடைத்து வைத்திருந்த காற்று ட்யூப்புகள் அதை மூழ்க விடவில்லை. கரையில் குத்தகைக்காரரின் ஆள் பைக்கை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றியபடி நின்றிருந்தார்.

போகலாம் என்று சலீம் சொன்னான். நானும் அதையே சொல்ல வாயெடுத்தேன்.

"தண்ணியக் கொட்டுங்க அண்ணா" என்றாள் தேவகி. பிறகு என்னைப் பார்த்தாள். "இன்னொரு தரம் கவுத்துங்க. இந்தத் தரம் கால் மாட்டக் கூடாது."

அன்று எத்தனை முறை கவிழ்த்தேன் என்று கணக்கு இல்லை. கையை எங்கே ஊன்றுவது, காலை எப்போது பிடிப்பது என்று ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தெளிந்தது. ஒவ்வொரு முறை மேலே வந்தபோதும் அவள் அதே இடத்தில், எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நின்றிருந்தாள். என் காலரைப் பிடிப்பதை மட்டும் எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

எனக்கு மூச்சு வாங்கியது. சலீம் ஒவ்வொரு முறையும் படகைக் கரையோரம் இழுத்துத் தண்ணீரைக் கொட்டி, என்னை ஏற்றிவிட்டு அலுத்துப்போனான். கடைசியில், "பசிக்குது, போலாம்" என்று சொன்னது அவள்தான். சொல்லிவிட்டு, யார் கையையும் பிடிக்காமல், சேலையை வாரிச் சுருட்டிக்கொண்டு கரையை நோக்கி நடந்தாள்.